தூக்கம், கைக்குழந்தை, ஓராள் டிசைன் ஸ்டூடியோ: வாரத்துக்கு 22 மணி நேரத்தை வைத்து என்ன செய்வது?

#1 வண்ணக்கட்டம்

பிராண்ட் டிசைனும் பேக்கேஜிங்கும் செய்யும் ஓராள் ஸ்டூடியோ. குழந்தைக்கு 8 மாதம், தாய்ப்பால் தொடர்கிறது. வாரத்தில் வேலைக்குக் கிடைப்பது 22 மணி நேரம். அதில் 12 மணி நேரம் வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். மீதி 10 மணி நேரம் குழந்தை பகலில் தூங்கும் நேரம்.

"உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்" வகை அறிவுரை நிறையப் படித்தாயிற்று. எண்ணோடு பேசுபவர்கள் பேசுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை ப்ராஜெக்ட் எடுக்கலாம், விலை எப்படிப் போடுவது, இரவு வேலை சரிப்படுமா? இன்னொன்று: வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி. ஸ்டைலஸ் பிடித்தால் அதிகமாகிறது. மூன்றாவது, நீளமான மீட்டிங் நாட்களில் பால் எடுப்பது.

#2 கணக்குநோட்டு

முதலில் அந்த 22-ஐ உடைப்போம். 22 × 52 = 1144 மணி நேரம் என்று போட்டு, அதை வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

52 வாரத்தில் விடுமுறை 4 வாரம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு 6 வாரம். சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம், காப்பகத்தில் மற்ற குழந்தைகளோடு இருந்தால் அதற்கும் மேலே போகும், ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். அத்தனை நாளும் வேலை கெடாது என்பதால் 6 போட்டிருக்கிறேன். உங்களுக்கே உடம்பு முடியாமல் போக 2 வாரம். மிச்சம் 40 வாரம், அதாவது 880 மணி நேரம்.

அந்த 880-லும் பில் போட முடிவது 60 சதவீதம் என்று வையுங்கள். விசாரணை மெயில், விலைப்பட்டியல், இன்வாய்ஸ், வரிக் கணக்கு, ஃபைல் ஒழுங்கு, போர்ட்ஃபோலியோ எல்லாம் மீதி 40-ஐத் தின்றுவிடும். ஆக 528.

இப்போது விலை. எந்தப் பணமாக இருந்தாலும் சரி, ஆண்டுக்கு உங்களுக்கு வேண்டியது 1000 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுப்பது, வரி, சாஃப்ட்வேர் சந்தா, எழுத்துரு உரிமம், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். 1144-ஆல் வகுத்தால் மணிக்கு 0.87 பங்கு. 528-ஆல் வகுத்தால் 1.89. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். விலையில் கேட்காமல் விட்ட அந்த வித்தியாசத்தைத்தான் பிறகு தூக்கத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறோம். ஆரோக்கியம், சமநிலை என்று பேசுவதற்கு முன்னால் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எத்தனை ப்ராஜெக்ட்? 22-இல் 60 சதவீதம், வாரத்துக்குச் சுமார் 13 மணி நேரம். 30 மணி நேரம் பிடிக்கும் பிராண்ட் வேலை என்றால் 2.3 வாரம். எதிர்பாராத தடங்கலுக்காக அதை 1.5-ஆல் பெருக்குங்கள், மூன்றரை வாரம். கிளையண்ட் பதிலுக்குக் காத்திருக்க ஒன்றரை வாரம். கிளையண்டிடம் சொல்ல வேண்டியது 5 வாரம், அதுவும் அது ஒன்றே ஒன்று கையில் இருந்தால். இரண்டு ஓடினால் ஒவ்வொன்றுக்கும் வாரம் 6.5 மணி நேரம்தான், அப்போது அதே வேலை 8 வாரத்தைத் தாண்டும். இரண்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று யோசனைக் கட்டத்திலும் இன்னொன்று தயாரிப்புக் கட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் யோசனைக் கட்டத்தில் மோதினால் இரண்டும் சப்பென்று வரும்.

#3 நேர்கோடு

கணக்குநோட்டு சொன்னதோடு ஒரு திருத்தம். அந்த 12-ம் 10-ம் ஒரே சாதி மணி நேரம் இல்லை. 12 மணி நேரத்துக்கு முடிவு தெரியும். தூக்க நேரத்துக்குத் தெரியாது. 10 என்று எழுதியிருப்பதை 8 என்று எழுதிக்கொள்ளுங்கள், பல் முளைக்கும் வாரத்தில் அதுவும் வராது.

வேலையை "எது முக்கியம்" என்று பிரிப்பதைவிட "எதை இரண்டு நிமிடத்தில் கீழே வைக்க முடியும்" என்று பிரிப்பது இந்த வயதுக் குழந்தை உள்ளவர்களுக்கு உதவும்.

குழந்தை தூங்கும்போது செய்யக்கூடியவை: படத்தின் பின்னணி வெட்டுவது, அளவு மாற்றி எக்ஸ்போர்ட் செய்வது, மாக்கப்பில் (டிசைனை நிஜப் பொருள் மேல் வைத்துக் காட்டும் படம்) வைப்பது, லேயருக்குப் பெயரிடுவது, இன்வாய்ஸ், ரசீது பதிவு. செய்யவே கூடாதவை: அச்சுக்கு இறுதி ஃபைல் அனுப்புவது, விலை சொல்வது, கோபமாக வந்த மெயிலுக்குப் பதில் எழுதுவது. பாதியில் எழுந்து போனால் இந்த மூன்றிலும் சேதம் பெரிது.

லோகோ யோசனை, எழுத்துரு தேர்வு, பேக்கேஜிங்கின் முதல் அமைப்பு எல்லாம் அந்த 12-க்குள் மட்டும். அதையும் 2 மணி நேரம் ஆறாக வெட்டாமல் 3 மணி நேரம் நான்காக வாங்கப் பாருங்கள். உட்கார்ந்து சூடு பிடிக்கவே 15, 20 நிமிடம் போகிறது. ஆறு தடவை சூடு பிடிப்பதைவிட நான்கு தடவை மேல்.

எழும்போது மூன்று வரி எழுதி வைத்துவிட்டு எழுங்கள். எதுவரை முடிந்தது, எதில் சந்தேகம், திரும்பி வந்ததும் கை முதலில் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவது வரிதான் உயிர். "பச்சை நிறம் யோசி" என்று எழுதினால் உதவாது. "இரண்டாவது ஆர்ட்போர்டில் மூடியின் பச்சையை இன்னும் ஒரு படி மங்கலாக்கி முதலாவதோடு பக்கத்தில் வை" என்று எழுத வேண்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனசு பாதி பழைய வேலையிலேயே மாட்டிக்கொள்வதை சோஃபி லெராய் 2009-இல் கவன எச்சம் என்று பெயரிட்டு எழுதினார். எழுவதற்கு முன் இப்படிக் குறித்துவைத்தால் அந்த எச்சம் குறைகிறது என்பது அவரும் தெரேசா க்ளோம்பும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. தொட்டிலருகே நிற்கும்போதும் லோகோவே தலைக்குள் ஓடுகிறதென்றால் பெரும்பாலும் இந்தக் குறிப்பு எழுதாமல் எழுந்ததுதான் காரணம்.

குறிப்பை ஃபைலுக்குள்ளேயே வைப்பவர்கள் அச்சாகாத லேயரில், ஆர்ட்போர்டுக்கு (ஃபைலில் டிசைன் இருக்கும் பரப்பு) வெளியே வையுங்கள். "இது சரியா தெரியல" என்ற வரியோடு அட்டைப்பெட்டி அச்சாகி வந்த கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

இந்தத் திட்டத்துக்குக் காலாவதி தேதியும் போடுங்கள். 8 மாதத்தில் பகலில் இரண்டு மூன்று தூக்கம். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். 3 மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையை முதலிலிருந்து போட வேண்டும்.

#4 கூகைக்கண்

எல்லாம் சரிதான், ஆனா நிஜத்துல தடை இல்லாத நேரம்னா ராத்திரி 10லேர்ந்து 1 வரைக்கும்தாங்க. போன் இல்ல, மெயில் இல்ல, யாரும் கூப்பிட மாட்டாங்க. வாரத்துக்கு 5 ராத்திரி உட்கார்ந்தா 15 மணி நேரம். பகல்ல கிடைக்கிற 12-ஐ விட அது அதிகம். இதை ஏன் எல்லாரும் ஏதோ குத்தம் மாதிரி பேசறீங்கன்னு புரியல.

#5 அச்சுமை

குற்றம் எல்லாம் இல்லை கூகைக்கண். ராத்திரியில் செய்யக்கூடாத வேலையை ராத்திரியில் செய்வதுதான் பிரச்சினை. நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒளி வசதி போட்டிருந்தால், இரவானதும் கணினி தானாகவே நீல ஒளியைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். கண் பத்து நிமிடத்தில் பழகிவிடும், மஞ்சளானது தெரியவே தெரியாது. அந்த நிலையில் நிறம் தேர்ந்தெடுத்தால் கை தன்னால் நீலத்தைக் கூட்டும். காலையில் திறந்தால் எல்லாம் குளிர்ந்து கிடக்கும். அந்த வசதியை டிசைன் மென்பொருள் திறந்திருக்கும்போது அணைந்திருக்கும்படி அமைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இருட்டறையில் பளீரென்ற திரையில் நிழல் பகுதிகள் நன்றாகத் தெரியும், அச்சில் அவை கரியாகிவிடும். அச்சு வேலைக்குத் திரை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா பிரகாசத்தில் இருப்பது வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருக்கும் பல திரைகள் இதைவிட மிகவும் பிரகாசம். அச்சு மாதிரியைத் திரையோடு ஒப்பிடுவது இரவில் வேண்டவே வேண்டாம். வீட்டு மஞ்சள் விளக்கு 2700 கெல்வின் அளவில் இருக்கும், அச்சு மாதிரி பார்ப்பதற்கான தரம் 5000. ஜன்னலோரப் பகல் வெளிச்சமே மேல்.

இரவில் செய்யலாம் என்றால்: பக்க அமைப்பு, வெக்டர் கோடு, பெட்டி விரிப்பின் மடிப்புக்கோடு. அனுப்புவது மட்டும் காலையில். அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கட்டும், தூக்கம் கெட்ட மூளையை நம்பக் கூடாது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் டிசைன்). சின்ன எழுத்துகள் நான்கு மை கலந்த கறுப்பாக இல்லாமல் ஒற்றைக் கறுப்பு 100 சதவீதம். படங்கள் இறுதி அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். எழுத்துருக்கள் அவுட்லைன், அதாவது எழுத்துகள் வெறும் வடிவங்களாக மாற்றப்பட்டு. நிறம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சின் நான்கு மை முறையில். மொத்த மை அளவு அச்சகம் சொன்ன வரம்புக்குள். கடைசியாக பார்கோடை போன் வைத்து ஸ்கேன் செய்து பார்ப்பது. பேக்கேஜிங் ஆட்கள் மறப்பது இதைத்தான்.

இன்னொன்று. காலை 5.30-க்கு எழுந்தவர் இரவு 12-க்கு 18 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இலேயே ஆய்வு வந்துவிட்டது. வாரத்துக்கு 15 மணி நேரம் என்கிறீர்கள். அதில் எத்தனை மணி நேரம் மறுநாள் திருத்துவதற்கே போகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்.

#6 தசையும்எலும்பும்

இரவு வேலைக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்கிறேன்: குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோஃபாவிலோ சாய்வு நாற்காலியிலோ லேப்டாப் பார்ப்பது. அப்படியே கண் அசந்துவிட்டால் குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டும் ஆபத்து நிஜமானது. தூக்கம் வருகிறது என்றால் குழந்தை அதன் படுக்கையில், மல்லாந்து.

இப்போது கட்டைவிரல். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் விவரிப்பு டி குவெர்வெய்ன் என்ற பிரச்சினைக்குப் பொருந்துகிறது. பிரசவித்த முதல் ஆண்டில் மிகவும் சகஜம். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டுப் பக்கம் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. குழந்தையை அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, கட்டைவிரல் விரிந்த நிலையில் தூக்கும்போது உரசுவதும் அவைதான். ஸ்டைலஸை இறுக்கிப் பிடிக்கும்போதும் ஒற்றைக் கட்டைவிரலால் போனில் தட்டும்போதும் உரசுவதும் அவையேதான். மூன்றும் ஒரே கையில் ஒரே நாளில் நடக்கிறது.

சோதனை: கட்டைவிரலை உள்ளே மடக்கி மேலே நான்கு விரலால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் சுரீர் என்றால் சந்தேகம் பலம். ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்து புண்ணாக்க வேண்டாம். வலியைவிட மரத்துப்போவதுதான் அதிகம், அதுவும் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரலில், இரவில் எழுப்பிவிடுகிறது என்றால் அது வேறு: மணிக்கட்டு நரம்பு அழுத்தம். அதற்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை.

டி குவெர்வெய்னுக்கு:

தூக்கும் முறையை இன்றே மாற்றுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி, ஒரு கை பிட்டத்தின் கீழ், ஒரு கை முதுகுக்குப் பின், கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி, முழங்கை உடம்போடு. பாரம் முன்கைக்குப் போக வேண்டும். பால் கொடுக்கும்போது தலையைத் தாங்கும் மணிக்கட்டு மடிந்து நிற்கிறதா பாருங்கள், தலையணையை உயர்த்தி முன்கையில் தாங்குங்கள்.

பட்டை வாங்கினால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் வகை. மணிக்கட்டை மட்டும் சுற்றும் எலாஸ்டிக் பட்டை இதற்குப் பயன்படாது, பலரும் அதை வாங்கிவிட்டு "பட்டை போட்டும் சரியாகவில்லை" என்கிறார்கள். 3 முதல் 6 வாரம் போட வேண்டியிருக்கும்.

மேசையில்: ஸ்டைலஸைச் சுற்றி மெத்தென்ற நுரைக்குழாய் போட்டுத் தடிமனாக்குங்கள், பிடி தளரும். டேப்லெட் அமைப்பில் அழுத்த வளைவைக் குறைத்துவிட்டால் லேசாகத் தொட்டாலே கோடு விழும். ஷார்ட்கட் எல்லாம் இடது கைக்கு. 4 முதல் 6 வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவர். ஊசி போட்டால் பெரும்பாலோருக்குக் குறைகிறது. தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள்.

வயிறு: மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால், அல்லது நடுவே கூம்பு போல் எழும்பினால், வயிற்றை மடக்கி எழும் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு பிசியோவிடம் காட்டுங்கள். இடுப்புத் தளத் தசைக்கு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து தடவை இறுக்கித் தளர்த்துவது. எக்ஸ்போர்ட் ஓடும் நேரம் போதும். தளர்த்துவதும் பாதி வேலை, இறுக்கியே வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை வரும்.

கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டர் தள்ளி 20 நொடி பார்ப்பது. நாற்காலி பற்றி இணையம் முழுக்க இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

#7 வண்ணக்கட்டம்

தசையும்எலும்பும், சோதனையில் சுரீர்தான். கையில் இருப்பது நீங்கள் சொன்ன அந்தப் பயன்படாத எலாஸ்டிக் பட்டையேதான்! மாற்றிவிடுகிறேன். பால் எடுப்பது பற்றி யாராவது? கிளையண்டோடு 5 மணி நேரம் ஒரே மூச்சில் உட்காரும் நாட்கள் வருகின்றன.

#8 பால்துளி

5 மணி நேரம் என்றால் நடுவில் ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். காலண்டரில் 30 நிமிடம் அடையுங்கள்: பொருத்த 5, எடுக்க 15 முதல் 20, மூடி வைத்துக் கழுவ 5. காரணம் எழுதத் தேவையில்லை, "இடைவேளை" போதும். அழைப்பு அனுப்பும்போதே அதைப் போட்டு அனுப்ப வேண்டும். மீட்டிங் சூடுபிடித்த பிறகு எழுந்து போக யாருக்கும் மனம் வராது, அப்படித்தான் பால் கட்டுகிறது.

எடுத்த பால் 25 டிகிரி வரையான அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 டிகிரியில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம் வரை நல்ல தரம். உறைந்ததைக் குளிர்பெட்டியில் உருக்கினால் 24 மணி நேரத்துக்குள். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்தது 2 மணி நேரத்துக்குள். பையில் தேதி எழுதுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் கறாராக இருக்கும் டிசைனர்கள் இதில் கோட்டை விடுகிறார்கள்.

"பால் குறைந்துவிட்டது" என்று பயப்படுவதற்கு முன் பம்ப்பின் வால்வைப் பாருங்கள். அந்தச் சின்ன சிலிக்கான் துண்டு தளர்ந்தால் இழுவிசை போய்விடும். தினம் பலமுறை எடுப்பவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். புனலின் அளவும் அப்படியே: சின்னதாக இருந்தால் காம்பு உரசும், பெரிதாக இருந்தால் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபடும்.

பால் கட்டி மார்பில் ஓரிடம் சிவந்து வலித்தால், பழைய அறிவுரை சூடு வைத்து அழுத்தித் தேய்த்து முழுவதும் எடுத்துவிடு என்பது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அகாடமி 2022-இல் இதை மாற்றிவிட்டது. உள்ளே வீக்கம் இருக்கிறது, தேய்த்தால் கூடும், கூடுதலாக எடுத்தால் சுரப்பும் கூடும். வழக்கமான அளவே கொடுங்கள் அல்லது எடுங்கள், குளிர் ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை மருத்துவரைக் கேட்டு. காய்ச்சல் வந்தாலோ 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

ஒரு வேளையை நிறுத்த நினைத்தால் பெரிய டெட்லைனுக்கு முந்தின நாள் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு வேளை விட்டு மூன்று நான்கு நாள் பழகிய பிறகு அடுத்தது.

#9 ஷரத்து

உடம்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால் இதெல்லாம் ஒரே வாரத்தில் கவிழும். கணக்குநோட்டு சொன்ன 1.5 மடங்கைக் காப்பாற்றுவது ஒப்பந்தம்தான்.

பணம்: தேதி பதிவு செய்ய 50 சதவீதம், யோசனை ஏற்கப்பட்டதும் 25, இறுதி ஃபைல் கைமாறும் முன் 25. முன்பணம் வராமல் தேதி கொடுக்காதீர்கள்.

திருத்தம்: இரண்டு சுற்று. "சுற்று" என்பதற்கு விளக்கம் எழுதாவிட்டால் இரண்டு என்பது இருபதாகும். ஒரு சுற்று என்றால் ஒரே ஆளிடமிருந்து, ஒரே எழுத்துப் பட்டியலாக, 3 வேலை நாட்களுக்குள் வருவது. குரல் பதிவில் வந்த யோசனை திருத்தமாகக் கணக்கில் வராது. சுற்றுக்கு வெளியே மணிக்கணக்கு.

மௌனம்: கிளையண்ட் 5 வேலை நாள் பதில் சொல்லாவிட்டால் அவருடைய இடம் அடுத்த காலி வாரத்துக்குத் தள்ளிப்போகும். 30 நாள் ஆனால் வேலை மூடப்படும், மறுபடி தொடங்கக் கட்டணம். இது இல்லாததால்தான் மூன்று வாரம் காணாமல் போனவர் வெள்ளிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமைக்குக் கேட்கிறார்.

உங்கள் பக்கத் தாமதம்: பலர் இதை எழுதவே வெட்கப்படுகிறார்கள். "உடல்நலக் காரணத்துக்காக எழுத்தில் தெரிவித்துவிட்டு ஒரு ப்ராஜெக்டில் 5 வேலை நாள் வரை தள்ளிவைக்கலாம்" என்று ஒரு வரி. யாருடைய உடல்நலம் என்று எழுத வேண்டியதில்லை. இது இருந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று ஒரே வரி மெயில் போதும், கெஞ்ச வேண்டாம்.

இன்னொரு டிசைனரோடு மாற்று ஏற்பாடு வையுங்கள். வேலையை ஒப்படைக்கலாம் என்ற அனுமதி கிளையண்ட் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், ரகசிய ஷரத்து அவருக்கும் பொருந்த வேண்டும். எழுத்துரு உரிமம் பெரும்பாலும் ஆள் கணக்கில் வரும், உங்கள் எழுத்துருவை அப்படியே அவருக்கு அனுப்ப முடியாது. ஃபைல்கள் மூன்று நகல், இரண்டு வகை சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப் மேல் தண்ணீர் கவிழ்க்கும் வயது நெருங்குகிறது.

#10 மாதச்சந்தா

ப்ராஜெக்டாக ஓடாமல் மாதச் சம்பளம் போல ரிடெய்னர் இரண்டு பிடித்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி போகும். வருமானம் நிலையாக வரும், புது ஆள் தேடும் மெயில் நேரம் மிச்சம்.

#11 ஷரத்து

எல்லை எழுதினால் மட்டும். "மாதம் முழுக்கக் கிடைப்பார்" என்று கிளையண்ட் புரிந்துகொண்டால் ரிடெய்னர் ப்ராஜெக்டைவிடக் கொடுமை. மாதத்துக்கு 10 மணி நேரம் என்று எண் இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் 2 வேலை நாள் அவகாசம், மிச்ச மணி நேரம் அடுத்த மாதம் வரை மட்டும் செல்லும். மூன்று மாத மணி நேரத்தைச் சேர்த்து வைத்து ஒரே வாரத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மொத்தத்தில் பில் நேரத்தில் பாதிக்கு மேல் ரிடெய்னருக்குக் கொடுக்காதீர்கள், ஒருவர் விலகினால் தாங்க வேண்டும்.

#12 அச்சுமை

பேக்கேஜிங் மாதிரி வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். தவழும் குழந்தை இருக்கும் அறையில் ஸ்ப்ரே பசை அடிக்காதீர்கள், துகள் தரையில்தான் படியும், குழந்தையும் தரையில்தான் இருக்கிறது. உடைக்கும் பிளேடு துண்டுகள் மூடியுள்ள டப்பாவில். பெட்டி மூடியில் பதிக்கும் சின்னக் காந்தங்கள் இரண்டு விழுங்கப்பட்டால் குடலை நடுவில் கவ்விக்கொள்ளும். எல்இடி மாதிரிகளில் வரும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக அவசர சிகிச்சை, அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது.

#13 பால்துளி

மனசு பற்றி யாரும் எழுதவில்லை. பிரசவித்த முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாத அழுகை சகஜம். அதைத் தாண்டி நீடித்தாலோ, முதல் ஆண்டுக்குள் எப்போது புதிதாக வந்தாலோ, அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். டிசைனர்கள் அதைக் "கற்பனை வறண்டுவிட்டது" என்று பெயர் மாற்றிக்கொள்வதுதான் சிக்கல். இந்த ஒரு ப்ராஜெக்ட் மட்டும் சலிக்கிறது என்றால் சலிப்பு. எதுவுமே ருசிக்கவில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று தோன்றுகிறது என்றால் வேறு. எடின்பரோ கேள்வித்தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது, பத்தே கேள்வி, மருத்துவரோ தாதியரோ வைத்துப் பார்ப்பார்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றே உதவி.

கூடவே ரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டும் சரியலாம், இரண்டும் சோர்வாகவே தெரியும்.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாக. 2020 பரிந்துரையில் ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் என்ற பழைய நிபந்தனை இல்லை. தள்ளுவண்டியோடு 7 நிமிடம் வேகமாக நடந்ததும் கணக்கில் சேரும்.

#14 வண்ணக்கட்டம்

இப்போதைக்குப் போட்டிருப்பது: 3 மணி நேரம் வீதம் நான்கு தடவை, யோசனை வேலைக்கு. தூக்க நேரம் 10 மணி நேரம், தயாரிப்பு வேலைக்கு. இரவு வாரம் இரண்டு நாள் 10.30 வரை, பக்க அமைப்பு மட்டும். ப்ராஜெக்ட் ஒன்று, 10 மணி நேர ரிடெய்னர் ஒன்று. எங்காவது இடிக்கிறதா?

#15 கணக்குநோட்டு

இடிக்கிறது. இன்வாய்ஸ், மெயில், வரிக் கணக்கு எங்கே? 22-இல் 40 சதவீதம், சுமார் 9 மணி நேரம், திட்டத்தில் வரியே இல்லை. அதுதான் அந்த இரண்டு இரவுகளில் போய் உட்காரும், இரண்டு இரவு நான்காகும்.

நேர்கோடு சொன்னபடி தூக்க நேரத்தை 8 என்று எடுங்கள். 12 + 8 = 20. நிர்வாகத்துக்கு 9 போனால் பில் நேரம் வாரம் 11. ஆண்டுக்கு 11 × 40 = 440. விலை 1.89 அல்ல, 2.27. ரிடெய்னர் மாதம் 10 மணி நேரம் என்றால் வாரம் இரண்டரை, ப்ராஜெக்டுக்கு எட்டரைதான் மிச்சம். 30 மணி நேர வேலை 3.5 வாரம், 1.5 மடங்கு போட்டால் 5.3, காத்திருப்போடு ஏழு வாரம். கிளையண்டிடம் 5 என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே மெயில் போடுங்கள்.

#16 நேர்கோடு

இரவு இரண்டு நாளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, டெட்லைன் வாரத்துக்கான உபரி என்று தனியாக எழுதி வையுங்கள். மாதத்தில் நான்கு இரவுக்கு மேல் தொட்டிருந்தால் அடுத்த விலைப்பட்டியலில் தேதியை நீட்ட வேண்டும்.

#17 வண்ணக்கட்டம்

5 என்று சொல்லியிருக்கிறேன். மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதுத் தேதி ஏழு வாரம்தான் போடுகிறேன். குழந்தை எழுந்துவிட்டது, அனுப்புவது நாளைக் காலை 3 மணி நேரம் கிடைக்கும்போது.